பூஞ்சை நொதியும் அதன் இயற்கைத் தூதும்

முன்னுரை

தமிழ் கற்பிப்போனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டோர் வினவக்கூடும். வினா முறையானதே. அதற்குரிய விடையை முதற்கண் கூறிவிட்டுப் பொருளினுள் புகுவது நன்று.

நம் வேதியியல் துறையினர் நடத்திய கருத்தரங்கு ஒன்றின் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் தமிழ்த்துறைக்கு வந்தார். 'லாக்கேஸ் மீடியேட்டர்' என்னும் தொடர் அதில் இருந்தது. "ஐயா, மீடியேட்டர் என்பதற்குத் தமிழில் என்ன சொல்?" என்று கேட்டார். 'இடையீட்டுப் பொருள்' எனலாம் என்றேன். அவர் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. "எங்கள் அத்தா சாயப்பட்டறையில் வேலை செய்கிறார் ஐயா. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடித்துப் பத்து வருடம் ஆகிறது. சாயத் தண்ணீரைக் காளான் தெளிய வைக்கும் என்று கருத்தரங்கில் சொன்னார்கள். அதை அத்தாவிடம் சொல்ல வேண்டும். இடையீட்டுப் பொருள் என்றால் அவருக்கு விளங்காது" என்றார்.

அன்று அவருக்கு நான் கொடுத்த சொல் அகராதிக்கு ஏற்றது. அவர் தந்தைக்கு ஏலாதது. ஒரு பொருளை அறியாமல் அதற்குச் சொல் கொடுக்க முயன்ற பிழை அது என்பதை உணர்ந்தேன். வேதியியல் துறை நண்பர்களிடம் பாடங்கேட்டும் நூல்களைப் பயின்றும் நான் அறிந்துகொண்டவற்றை மாணவர்க்கும், தொழில்துறையில் உள்ள சமுதாயப் பெரியோர்க்கும் பயன்படுமாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நொதி என்னும் சொல்

அரைத்து வைத்த மாவு இரவில் பொங்குகிறது. கறந்த பால் உறைகிறது. மட்கிய மரம் கையால் தொட்ட அளவில் உதிர்கிறது. இம்மாற்றங்கட்கெல்லாம் நுண்ணுயிர்கள் காரணம் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே கற்கிறோம். அந்நுண்ணுயிர்கள் தம் வேலையை எதனைக் கொண்டு செய்கின்றன என்னும் வினாவிற்கு விடையே நொதி. செருமானிய அறிஞர் வில்கெல்ம் கூனே 1870களில் 'என்சைம்' என்னும் பெயரைப் படைத்தார். 'புளிமாவில் உள்ளது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நொதித்தல் என்னும் வினையினின்று நாம் ஆக்கிக்கொண்ட 'நொதி' என்னும் சொல்லும் அதே பொருளைச் சுட்டுதல் காண்க.

உயிர் இருந்தால்தான் நொதித்தல் நிகழும் என்று முன்னர்க் கருதினர். 1897இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றும் இல்லாத அச்சாற்றைச் சர்க்கரையில் இட்டபோதும் நொதித்தல் நடைபெற்றது. இதற்காக அவர் 1907இல் நோபல் பரிசு பெற்றார். நொதி என்பது உயிரன்று, உயிர் ஆக்கிய கருவி என்பது இதனால் தெளிவாயிற்று. உயிரினின்று பிரித்தெடுத்த பின்னரும் தொழிற்படும் கருவியாதலால் அதனை ஆலையில் பயன்படுத்தல் இயலும். இன்றைய நொதித் தொழில்கள் அனைத்திற்கும் இவ்வுண்மையே அடிப்படை.

அரக்கு மரம் தந்த அறிவு

நம் கட்டுரைக்குரிய நொதியின் பெயர் லாக்கேஸ். இப்பெயரின் வேர் நமக்கு அயலானதன்று. வடமொழியில் 'லாக்ஷா' என்றும் தமிழில் 'அரக்கு' என்றும் வழங்கும் பொருளின் பெயரே பல மொழிகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்து, மெருகு நெய்களுக்கும் பொதுப்பெயராயிற்று. நம் நாட்டு அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. சப்பானியர் மரப்பேழைகட்கும் கிண்ணங்கட்கும் பூசும் அரக்கோ ஒருவகை மரத்தின் பால். பொருள் வேறாயினும் பெயர் ஒன்றாயிற்று.

சப்பானிய அரக்கிற்கு ஓர் இயல்பு உண்டு. ஏனைய பூச்சுகள் வெயிலிலும் காற்றிலும் உலரும். இது ஈரக்காற்றில்தான் இறுகும். இதன் காரணத்தை ஆராய்ந்த இகோரோகுரோ யோசிதா என்னும் சப்பானியர், அம்மரப்பாலில் உள்ள ஒரு பொருளே பூச்சினை இறுகச் செய்கிறது என்றும், சூடேற்றினால் அதன் ஆற்றல் அழிகிறது என்றும் 1883இல் கண்டார். அடுத்த பத்தாண்டில் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் பெர்த்ரான் அதற்கு லாக்கேஸ் எனப் பெயரிட்டார். அதே காலத்தில் காளான்களிலும் அது இருப்பது அறியப்பட்டது. இன்று நாம் அறிந்த நொதிகளுள் நெடிய வரலாறு உடையவற்றுள் இதுவும் ஒன்று.

லாக்கேஸின் உள்ளே நான்கு செம்பு அணுக்கள் உள்ளன. முதல் அணு, எதிர்ப்படும் பொருளினின்று ஓர் எலக்ட்ரானைக் கவர்கிறது. கவர்ந்தவை மற்றை மூன்று செம்பணுக்களுக்குக் கைமாறுகின்றன. இவ்வாறு நான்கு எலக்ட்ரான்கள் சேர்ந்தவுடன், காற்றிலுள்ள ஒரு ஆக்சிசன் மூலக்கூறு அவற்றைப் பெற்று இரண்டு நீர் மூலக்கூறுகளாக மாறுகிறது. இந்நொதி கேட்கும் கூலி காற்று; அது விடும் கழிவு நீர். பசுமை வேதியியலார் இதனை விரும்புவதற்கு இதுவே முதற்காரணம்.

காளானின் தொழில்

மரத்தின் உறுதிக்குக் காரணமானவை இரண்டு. நார்போன்ற செல்லுலோசு ஒன்று. அந்நார்களைப் பிணைக்கும் லிக்னின் மற்றொன்று. சுவரெழுப்புவோன் செங்கல்லையும் சாந்தையும் கொள்வது போன்றது இது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு லிக்னின் எனலாம். வளையக் கட்டமைப்புடைய பீனால் வகைச் சேர்மங்கள் பல்லாயிரமாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஆகியது அது. ஒழுங்கான வரிசை இல்லாமையால் அதனைச் சிதைப்பது பெரும்பாலான உயிர்களுக்கு அரிது.

அவ்வரிய செயலைச் செய்வன வெண்ணழுகல் காளான்கள். பட்ட மரங்களில் தட்டுத் தட்டாக வளரும் டிராமெட்டிசு வெர்சிகலர், செம்மஞ்சள் நிறமுடைய பிக்னோபோரசு சின்னபாரினசு, நாம் கறியாக்கி உண்ணும் சிப்பிக்காளான் ஆகியன இவ்வகையின. இவை லிக்னினைச் சிதைத்த பின் எஞ்சும் மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். அதனால் இப்பெயர் பெற்றன. இக்காளான்கள் சுரக்கும் நொதிகளுள் லாக்கேஸ் குறிப்பிடத்தக்கது.

மரங்களிலும் லாக்கேஸ் உண்டு. ஆங்கு அது லிக்னினைக் கட்டுவதற்கு உதவுகிறது. கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் ஒரே வகை நொதி பயன்படுதல் வியப்பிற்குரியது. எலக்ட்ரானைக் கவர்வது மட்டுமே நொதியின் வேலை. அதனை இழந்த பொருள் பிறவற்றுடன் சேர்வதும் தானே சிதைவதும் சூழலைப் பொறுத்தன. பின்னர்க் கூறப்போகும் எச்சரிக்கை ஒன்றிற்கு இவ்வுண்மை தேவைப்படும்.

நொதியின் இரு தடைகள்

லிக்னினைச் சிதைப்பதில் லாக்கேஸிற்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, உருவம். லாக்கேஸின் மூலக்கூறு எடை பெரும்பாலும் 60,000 முதல் 70,000 வரை. மரநாரின் நுண்துளைகளில் இத்துணைப் பெரிய உருவம் நுழைதல் இயலாது. கோட்டை வாயில் குறுகியது. வந்த யானையோ பெரியது.

இரண்டாவது, ஆற்றல். எலக்ட்ரானைக் கவரும் ஆற்றலை வோல்ட் அளவால் குறிப்பர். லாக்கேஸின் ஆற்றல் ஏறத்தாழ 0.4 முதல் 0.8 வோல்ட் வரை. தனித்த பீனால் தொகுதியுடைய பகுதிகளினின்று எலக்ட்ரானைக் கவர இது போதும். ஆயின் லிக்னினில் அத்தகைய பகுதிகள் பத்தில் ஒன்றோ இரண்டோ மட்டுமே. எஞ்சியவை இதனினும் மிக்க ஆற்றலை வேண்டுவன. ஆகவே நொதி கதவருகே நின்றாலும் பூட்டைத் திறக்க இயலாத நிலையில் உள்ளது.

தூது என்னும் துணை

இவ்விடத்தில்தான் அம்மாணவர் பொருள் கேட்ட 'மீடியேட்டர்' வருகிறது. அது ஒரு சிறிய மூலக்கூறு. நொதியினிடம் சென்று ஓர் எலக்ட்ரானை இழக்கிறது; இழந்தவுடன் தனியுறுப்பு என்னும் வேகமுடைய நிலையை அடைகிறது. அந்நிலையில் நொதி நுழைய இயலாத இடங்களுக்குப் பரவிச் செல்கிறது. ஆங்குள்ள பொருளினின்று ஓர் எலக்ட்ரானையோ ஐதரசன் அணுவையோ கவர்ந்து, தன் பழைய நிலையை எய்தி மீண்டும் நொதியினிடம் வருகிறது. ஐதரசன் அணுவைக் கவர்தல் நொதிக்கு இயலாத வேறொரு வழி. ஆகவே நொதியின் ஆற்றல் எட்டாத பொருளையும் இத்துணைப்பொருள் மாற்ற வல்லதாகிறது.

செல்வதும், செய்வதும், மீள்வதும் ஆகிய இத்தொழிலுக்குத் தமிழில் பெயர் உண்டு. அது தூது. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதிற்குரிய பொருள்கள் பத்தினை நம் சிற்றிலக்கிய மரபு வகுத்துள்ளது. தான் செல்ல இயலாத இடத்திற்குத் தன் பொருட்டுச் செல்லவல்ல ஒன்றை அனுப்புவதே அவ்விலக்கியத்தின் அடிக்கருத்து. தூதர் என்னும் சொல் நம்மவர் வழக்கில் மிக உயர்ந்த பொருளுடையது; அதனை இதனொடு கலத்தல் தகாது. சிற்றிலக்கிய வழக்கை மட்டும் கொண்டு 'தூதுப்பொருள்' என்னும் சொல்லை ஈண்டு ஆளுகிறேன்.

1990இல் கனடா நாட்டின் காகித ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பூர்போனே, பைசு என்னும் இருவர் இத்துறையில் வழிகாட்டினர். ஏ.பி.டி.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் செயற்கைச் சேர்மத்தை லாக்கேஸுடன் சேர்த்தபோது, பீனால் தொகுதியற்ற லிக்னின் வகைச் சேர்மங்களும் மாற்றமுறுவதை அவர்கள் காட்டினர். அதன்பின் எச்.பி.டி. முதலிய வேறு செயற்கைத் தூதுப்பொருள்களும் கண்டறியப்பட்டன. 1996இல் டென்மார்க் நாட்டின் நோவோ நிறுவனம் லாக்கேஸும் தூதுப்பொருளும் சேர்ந்த 'டெனிலைட்' என்னும் கலவையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 'ஜீன்ஸ்' துணியின் நீலத்தை வெளுக்கச் செய்வதற்குக் குளோரின் கலவைக்கு மாற்றாக அது பயன்பட்டது.

செயற்கைத் தூதின் குறை

திருக்குறளில் 69ஆம் அதிகாரம் தூது. அனுப்பியவனுக்கு நன்மை தேடுபவனே நல்ல தூதுவன் என்பது ஆங்குப் பெறப்படும் கருத்து. இவ்வளவுகோலால் செயற்கைத் தூதுப்பொருள்களை அளந்து பார்க்கலாம்.

எச்.பி.டி. போன்றவற்றின் தனியுறுப்பு, அதனை உண்டாக்கிய நொதியையே தாக்கி அதன் ஆற்றலைக் குறைக்கிறது. அனுப்பியவனுக்கே கேடு செய்யும் தூது இது. இவற்றின் விலையும் மிகுதி. வேலை முடிந்தபின் நீரில் எஞ்சுவன நச்சுத்தன்மை உடையனவாகவும் இருத்தல் கூடும். ஒரு நஞ்சினை நீக்கப் புகுந்து மற்றொன்றை நீரில் விட்டால் அதனைப் பசுமை என்று கூறுதல் பொருந்துமா? ஆய்வாளர் மாற்று வழி தேடியதற்கு இவ்வினாவே காரணம்.

மரம் தந்த தூது

காட்டில் காளானுக்கு ஏ.பி.டி.எஸ். கொடுப்பார் யாருமிலர். ஆயினும் அது மரத்தை மட்கச் செய்கிறது. இயற்கையில் அதற்குத் தூதாவது யாது? 1996இல் அமெரிக்க நாட்டின் சியார்சியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செம்மஞ்சள் காளானாகிய பிக்னோபோரசு தானே உண்டாக்கும் ஐதராக்சி ஆந்த்ரனிலிக அமிலம் என்னும் சேர்மம் தூதாகலாம் என்றனர். 2001இல் வெளிவந்த ஆய்வு, லிக்னின் சிதைவில் அச்சேர்மத்தின் பங்கு பெரிதன்று எனக் காட்டியது. முதற்கருத்தைக் கூறிய குழுவின் எரிக்சன் என்னும் அறிஞரே இம்மறு ஆய்விலும் பங்குகொண்டார் என்பதை மாணவர்கள் கருதுதல் வேண்டும். தன் முடிவைத் தானே மீள ஆராய்வது அறிவியலின் இழுக்கன்று, அதன் ஒழுக்கம்.

இயற்கைத் தூதினைத் தேடிய வேறொரு குழுவினர் மரத்தையே நோக்கினர். லிக்னின் சிதையும்போது சிறு பீனால் சேர்மங்கள் பல வெளிப்படுகின்றன. அவை தூதாகுமா என்று இசுபெயின் நாட்டு மாட்ரிட் நகரில் சூசனா கமரேரோ முதலியோர் ஆராய்ந்தனர். 2005இல் வெளிவந்த அவர்களது ஆய்வின் விவரம் அறியத்தக்கது. எளிதில் நிறம் நீங்காத 'ரியாக்டிவ் பிளாக் 5' என்னும் கருஞ்சாயத்தை வைத்து 44 சேர்மங்களைச் சோதித்து, அவற்றுள் 10 இயற்கைப் பீனால்களைத் தேர்ந்தனர். வெனிலா நெற்றின் மணத்திற்குக் காரணமான வெனிலின், புல்லினத் தாவரங்களில் மிகுந்துள்ள கூமாரிக அமிலம் ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. எல்லாவற்றினும் சிறந்து நின்றவை இரண்டு: சிரிஞ்சால்டிகைடு, அசிட்டோசிரிஞ்சோன்.

இவ்விரண்டின் சிறப்பிற்குக் காரணம் அவற்றின் கட்டமைப்பில் உள்ளது. இவற்றின் பீனால் தொகுதிக்கு இருபுறமும் மெத்தாக்சி என்னும் தொகுதிகள் அமைந்துள்ளன. அவை எலக்ட்ரானை எளிதில் இழக்கச் செய்கின்றன. உண்டான தனியுறுப்பு தன்னினத்தொடு ஒட்டிக்கொள்ளாதவாறு இருமருங்கும் காவலும் நிற்கின்றன. சிரிஞ்சால்டிகைடின் மூலக்கூறு எடை 182. நொதியோடு ஒப்பிட்டால் அது முந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. யானை நுழையாத வாயிலில் எறும்பு நுழைவது போல அது நுழைகிறது.

அசிட்டோசிரிஞ்சோன் இதற்கு முன்னரே வேறொரு செய்தி சொல்லும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. காயம்பட்ட புகையிலைச் செடி கசியவிடும் அச்சேர்மத்தை உணர்ந்தே அக்ரோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் தன் தாக்குதலைத் தொடங்குகிறது என்பது 1985இல் அறியப்பட்டது. தூது என்னும் பெயர் இதற்குப் பொருந்துதற்கு இதுவும் ஒரு சான்று.

சாய நீரில் கண்ட பயன்

மேற்குறித்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு வகைச் சாயங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இண்டிகோ வகை, ஆந்த்ரகுவினோன் வகை முதலிய மூன்றினை லாக்கேஸ் தனித்தே ஓரளவு நிறம் நீக்கியது. தூதுப்பொருள் சேர்ந்தபோது அவ்வேலை விரைந்தும் நிறைந்தும் நடந்தது. இரட்டை அசோ பிணைப்புடைய கருஞ்சாயமும், அசூர் பி என்னும் சாயமும் தூதுப்பொருள் இன்றி மாறவேயில்லை. தத்தமக்கு ஏற்ற இயற்கைத் தூதுப்பொருளுடன் பெரும்பாலான சாயங்கள் 80 முதல் 100 விழுக்காடு வரை நிறம் நீங்கின. அசூர் பி மட்டும் பாதியளவும் நீங்கவில்லை. சிறந்த இரு தூதுப்பொருள்களும் சாயத்திற்கேற்ப 5 முதல் 10 நிமிடங்களில் வேலையை முடித்தன. செயற்கைத் தூதுப்பொருள்களில் சிறந்தவையும் இதே அளவை எட்டினவாயினும் மிகுதியான நேரம் கொண்டன. ஆறாவதாகிய தாலோசயனின் வகைச் சாயம் எதற்கும் அசையவில்லை.

அசோ சாயங்களின் செய்தி நம் தொழில்துறைப் பெரியோர்கள் அறிந்ததே. அவற்றுள் சில, புற்றுநோய் விளைக்கும் அமீன்களாக உடையும் என்பதனால் 1994இல் செருமனி நாடு அத்தகையவற்றிற்குத் தடை விதித்தது. தோலும் துணியும் ஏற்றுமதி செய்தோர் அன்று பட்ட இடர் பலருக்கும் நினைவிருக்கும். காற்றில்லாத் தொட்டிகளில் நுண்ணுயிர்கள் அசோ சாயத்தை உடைக்கும்போதும் அவ்வமீன்கள் தோன்றும். லாக்கேஸின் வழி அன்னதன்று. அது உயிர்வளியேற்றத்தால் அசோ பிணைப்பை அவிழ்க்கும்போது அதிலுள்ள நைட்ரசன் வளியாக வெளியேற இயலும். நிறம் போனால் போதும் என்றிராமல், எவ்வழியில் போயிற்று என்று கேட்கவேண்டுவதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

பசுமை எனப்படுவது யாது?

பசுமை வேதியியல் என்பது செடிகொடிகளைப் பற்றிய வேதியியல் அன்று. கழிவு உண்டான பின் தூய்மை செய்வதினும், கழிவு உண்டாகாமலே செய்வது மேல் என்பது அதன் முதற்கொள்கை. பால் அனசுதாசு, சான் வார்னர் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட நூலில் இவ்வாறு பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தனர். புதுப்பிக்கத்தக்க மூலப்பொருளைக் கொள்ளுதல், சிறிதளவே வேண்டும் வினையூக்கிகளைப் பயன்படுத்துதல், மிகு வெப்பமும் அழுத்தமும் தவிர்த்தல், நஞ்சில்லாக் கரைப்பான்களைத் தேர்தல் ஆகியன அவற்றுட் சில.

ஆய்வுக்கூடத்தில் ஆல்ககாலை ஆக்சிசனேற்றம் செய்வதற்கு ஆறிணைதிறக் குரோமியம் நெடுங்காலம் பயன்பட்டது. வேலை முடிந்தபின் எஞ்சுவது குரோமியக் கழிவு. லாக்கேஸ் இத்தகைய வேலையைத் தக்க தூதுப்பொருளின் துணையோடு, நீரில், மிதமான வெப்பத்தில், காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டு செய்கிறது. காகித ஆலையிலும் இதே நிலை. மரக்கூழை வெளுக்கக் குளோரினைப் பயன்படுத்தியதால் டையாக்சின் முதலிய நஞ்சுகள் விளைந்தது 1980களில் அறியப்பட்டு உலகெங்கும் மாற்று முறைகள் தேடப்பட்டன. யூக்கலிப்டசுக் கூழில் லாக்கேஸும் சிரிஞ்சால்டிகைடு போன்ற இயற்கைத் தூதுப்பொருள்களும் லிக்னினைக் குறைப்பதை மாட்ரிட் குழுவினர் பின்னர்க் காட்டினர்.

மூலப்பொருள் பற்றியும் ஒன்று கூறல் தகும். கூமாரிக அமிலம் கரும்புச் சக்கையில் உள்ளது. காரக்கரைசலால் அதனைப் பிரித்தெடுக்கலாம். கரும்புச் சக்கையைக் கொண்டே தாள் செய்யும் பேராலை கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்குவதை நாம் அறிவோம். ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் கழிவை மாற்றுவதற்குத் தூதாகும் வாய்ப்பு நம் நாட்டில் இல்லாமலில்லை.

ஒரு தொழிலாளியின் வினா

இவ்வளவும் அறிந்தபின் அம்மாணவரை அழைத்துத் தூது என்னும் சொல்லையும் அதன் விளக்கத்தையும் கூறினேன். மகிழ்ச்சியோடு சென்றார். மறுவாரம் திரும்பி வந்தார். "அத்தாவுக்கு நன்றாக விளங்கிவிட்டது ஐயா. ஆனால் அவர் ஒன்று கேட்டார். கலர் போகும், சரி, உப்பு எங்கே போகும் என்று கேட்டார்" என்றார்.

இக்கேள்வியின் ஆழத்தைப் படித்தவர் உணர்தல் வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு ஒவ்வொரு லிட்டர் நீரிலும் பல பத்துக் கிராம் உப்பினை இடுகின்றனர். சாயம் துணியில் ஏறும். உப்பு முழுவதும் கழிவுநீரில் சேரும். நிறமற்றுத் தெளிந்து தோன்றும் நீரும் உப்பு நீரேயாதலால் அது பாய்ந்த நிலம் பாழாகும். நொய்யலாற்றில் பாசனத்திற்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதையும், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதையும், அதனால் ஒருபுறம் நீருக்கும் மறுபுறம் கூலிக்கும் மக்கள் தவித்ததையும் நாடறியும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களின் துயரம் 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதும் நாம் அறிந்ததே.

ஆதலின் எல்லைகளை ஒளியாமல் கூறுதல் கடமை.

ஒன்று: லாக்கேஸ் நிறத்தை மாற்றும்; உப்பினை நீக்காது; தோல் கழிவிலுள்ள குரோமியத்தையும் நீக்காது. அவற்றிற்குச் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் போன்ற வேறு முறைகள் வேண்டும்.

இரண்டு: உப்பிலுள்ள குளோரைடு லாக்கேஸின் செம்பணுக்களை அடைந்து அதன் வேலையைத் தடுக்கும் இயல்புடையது. மேலும் பூஞ்சை லாக்கேஸ்கள் பெரும்பாலும் அமிலச் சூழலையே விரும்புவன. பருத்திச் சாயநீரோ காரத்தன்மை உடையது. அத்தொழிலாளி கேட்ட உப்பு, நொதிக்கும் பகையாக நிற்கிறது.

மூன்று: இயற்கைப் பொருளாதலால் தீங்கில்லை என்று கருதுதல் தவறு. தூதுப்பொருளை அளவுக்கு மீறி இட்டால் அதுவே நீரில் எஞ்சும். தன்னினத்தோடும் சாயத்துண்டுகளோடும் ஒட்டிப் புதிய நிறத்தையும் சிலபோது நச்சையும் தரும். கட்டுவதும் பிரிப்பதும் நொதியின் இயல்பு என்று முன்னர்க் கூறியதன் பயன் இதுவே. ஆகவே, நிறம் நீங்கிய நீரை உயிர்களின் மீதான நச்சுச் சோதனைக்கும் உட்படுத்திய பின்னரே தூயது என்று கூறுதல் பொருந்தும்.

நான்கு: ஆய்வுக்கூடக் குடுவையில் ஒரே சாயம் இருக்கும். பட்டறைத் தொட்டியில் பல சாயங்களும் மெழுகும் சோடாவும் கலந்திருக்கும். முன்னதில் கண்ட பயன் பின்னதிலும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. நொதியின் விலையும் கருதத்தக்கது.

இத்தடைகளைக் கடக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. நொதியின் மரபணுவில் சிறு மாற்றங்களை உண்டாக்கி, வேண்டிய இயல்புடையதைத் தெரிந்தெடுத்து, அதனையே மீண்டும் மாற்றித் தெரியும் நெறிக்காக அமெரிக்க அறிஞர் பிரான்சசு ஆர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். நெல்லில் நல்விதையைப் பொறுக்கி அடுத்த பூவிற்கு விதைக்கும் உழவனின் அறிவு இது; வயலுக்கு மாற்றாகச் சோதனைக்குழாயில் நிகழ்வது. இந்நெறியால் லாக்கேஸை ஈஸ்ட்டில் மிகுதியாக விளைவிக்கவும், உப்பையும் காரத்தையும் தாங்கச் செய்யவும், இயற்கைத் தூதுப்பொருள்களோடு மேலும் ஒத்துழைக்கச் செய்யவும் ஆய்வாளர் முயன்று வருகின்றனர். நிறம் நீக்கலை நொதிக்கும், உப்பு நீக்கலைச் சவ்விற்கும் பகிர்ந்தளிப்பதும் எண்ணத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: லாக்கேஸ் என்னும் பூஞ்சை நொதி காற்றைக் கொண்டு வேலை செய்து நீரை மட்டுமே கழிவாக விடுகிறது. அது தனித்து எட்ட இயலாதவற்றைத் தூதுப்பொருளின் துணையால் எட்டுகிறது. செயற்கைத் தூதுப்பொருள்களின் குறைகளை மரமும் புல்லும் தரும் பீனால்கள் பெரிதும் தவிர்க்கின்றன. எனினும் இவ்வழி நிறத்தைத் தீர்ப்பதே அன்றி, உப்பைத் தீர்ப்பதன்று.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விழைகின்றேன். ஒரு கலைச்சொல் நல்லதா என்பதை அகராதியில் மட்டும் தேடாதீர்கள். அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று உங்கள் தந்தையிடமும் தாயிடமும் சொல்லிப் பாருங்கள். அவர்கள் அதனைப் புரிந்துகொண்டு எதிர்வினா ஒன்று எழுப்பினால் அச்சொல் பயன்பட்டது எனலாம். 'இடையீட்டுப் பொருள்' என்று நான் கொடுத்திருந்தால் அத்தொழிலாளி தலையசைத்திருப்பார். உப்பைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார். அறிவியலைத் தாய்மொழியில் சொல்வது படிக்காதவர்க்குச் செய்யும் சலுகையன்று. தொட்டியின் அருகே நிற்பவர் அறிந்த உண்மை, ஆய்வுக்கூடத்தில் இருப்பவரை அடைவதற்கும் அதுவே வழி.

தொழிலகங்களை நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் வேதியியல் மாணவர் ஆய்வுக்கு உங்கள் பட்டறையின் உண்மைக் கழிவுநீரில் ஒரு குடம் கொடுங்கள். குடுவைச் சாயத்தில் பயில்வதினும் அதில் பயில்வது பயன் தரும். அம்மாணவரின் வீட்டுக் கிணறு மீண்டும் குடிநீர்க் கிணறாவது ஓர் ஆண்டில் நடவாது. எனினும் அதற்குரிய கேள்வி தமிழில் கேட்கப்பட்டுவிட்டது. விடையும் தமிழில் வருதல் வேண்டும்.